சாத்தானுக்கு ஒரு வியாக்கியானம்

எப்.ஏ. பரீட்சையில் நான் ஒரே ஒரு பாடத்தில்தான் தோற்றேன். அது இங்கிலீஷ். மற்ற பாடங்களையும் இங்கிலீஷில்தான் எழுதினேன். அவற்றில் எப்படித் தேறினேன் என்பது எனக்கும் விளங்கவில்லை, காலேஜுக்கும் விளங்கவில்லை.

என் தகப்பனார் வேலுசாமிக்கு விளங்கியது ஒன்றுதான். வன்னியம்பட்டியில் எங்கள் பருத்திக்காடு களை மண்டிக் கிடந்தது.

“ஏலே ரத்தினம், இன்னொரு வருசம் மதுரைக்கு அனுப்பணும்னா, ஒன் இங்கிலீசு நாலு பேருக்குப் பிரயோசனப்பட்டதை நான் கண்ணால பாக்கணும். இல்லைன்னா தை பொறந்ததும் நீயும் காட்டுக்கு வா” என்றார்.

நான் காட்டில் வேலை செய்து எங்கள் மாடுகளே பார்த்ததில்லை. ஆகவே அந்த வாரம் ராஜபாளையத்தில் கூடாரம் அடித்திருந்த பயாஸ்கோப்பு முதலாளி பக்கீர் முகமதுவிடம் ஓடினேன். அவரே கைப்பிடியைச் சுற்றிப் படம் காட்டுவார். படத்தில் பேச்சு கிடையாது. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

“தம்பிக்கு இங்கிலீசு வருமா?” என்று கேட்டார்.

“எப்.ஏ.” என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. வாக்கியத்தை முடித்திருந்தால்தான் பொய்யாகியிருக்கும்.

படத்தோடு சீமையிலிருந்து வந்த கதைக் காகிதத்தைக் கொடுத்தார். மூன்று தடவை படித்தேன். கடவுளுக்கும் சாத்தானுக்கும் சண்டை, சாத்தான் மனுஷனுக்கு ஆசை காட்டிக் கெடுக்கிறான், கடைசியில் கடவுள் ஜெயிக்கிறார். இவ்வளவு புரிந்தது. மீதி வார்த்தைகள் அச்சில் பார்க்க அழகாக இருந்தன.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தகப்பனார் முன்வரிசை மணலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். திரையில் புகை கிளம்பியது. புகைக்குள்ளிருந்து கரிய உருவம் ஒன்று கையில் ஈட்டியோடு குதித்தது.

“மகாஜனங்களே,” என்று தொண்டையைச் செருமினேன், “இவன்தான் சாத்தான். பாவங்களுக்கெல்லாம் மூலகர்த்தா.”

“யாரைய்யா அவன் இவன்ங்கீரு?” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

தளவாய்புரத்துச் சுடலைமாடத்தி. அங்கே மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தம் எடுத்துக் கொடுக்கும் குடும்பம்.

“ஆத்தா, இது சாத்தான்” என்றேன்.

“கையில வல்லயம் இருக்கு. தலையில குல்லா. இடுப்புல கச்சை. தீக்குள்ள இருந்து வாராவ. எங்க அய்யா சுடலைமாடனை எனக்குத் தெரியாதாக்கும்?”

“குல்லா இல்லை ஆத்தா, கொம்பு.”

“ஒமக்கு இருட்டுல கண்ணு தெரியலை” என்று அவள் முடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சாத்தான் ஒரு கிண்ணத்தில் எதையோ ஊற்றிக் குடித்தான். கூடாரமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாடனுக்குச் சாராயப் படையல் வைக்காத வீடு அங்கே குறைவு.

நான் மேகத்தின்மேல் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடிக்காரரைக் காட்டினேன். “இவர்தான் கடவுள்.”

பட்டாளத்துப் பல்டனில் இருந்து பென்ஷனில் வந்த கருத்தப்பாண்டி எழுந்தார். “அது பாதிரியாரு. பல்டன்ல ஞாயித்துக்கெழமை வருவாரு. நல்ல மனுசன்தான். சாமி இல்ல.”

“றெக்கை வச்சிக்கிட்டு நிக்கிறவங்க தேவதூதர்கள்.”

“கோழி திருடுன பயலுக மாதிரி இருக்கானுவ” என்றது இன்னொரு குரல். அந்தக் குரல் முன்வரிசையிலிருந்து வந்தது. எனக்கு நன்றாகப் பழக்கமான குரல்.

பாதிப் படத்திலேயே என் படிப்பு முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் படம் முடியவில்லை. தேவதூதர்கள் கூடிச் சாத்தானை நெருப்புக் குழிக்குள் தள்ளினார்கள். காகிதத்தின்படி நான் “தர்மம் வென்றது” என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

சனம் மொத்தமும் எழுந்தது. ஒருவர் கூடார முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“எங்க சாமியை நாலு பேரு சேந்து தள்ளுதானுவ. நீரு பாத்துக்கிட்டு நிக்கீரு?” என்றாள் சுடலைமாடத்தி.

பக்கீர் முகமதுவின் முகம் திரையைவிட வெளுத்திருந்தது. “தம்பி, மூணு பேரு கூட்டா முதல் போட்டு வாங்கின கூடாரம் இது. ஏதாவது சொல்லுங்க.”

“ராவுத்தரே, கைப்பிடியைத் தலைகீழாச் சுத்துங்க.”

அவர் சுற்றினார். நெருப்புக் குழிக்குள்ளிருந்து சாத்தான் அம்பாக எழும்பி வந்து நின்றான். தள்ளிய கைகள் அவனைத் தூக்கிவிட்டன. தேவதூதர்கள் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து மேகத்துக்குப் போனார்கள்.

“மகாஜனங்களே,” என்றேன். இம்முறை தொண்டை தானாகவே திறந்துகொண்டது. “மாடசாமி எழுந்தருளிவிட்டார். அவருக்கு முதுகு காட்டக் கூடாது என்று தேவதூதர்கள் பின்பக்கமாகவே நடந்து போகிறார்கள் பாருங்கள்.”

கோயில் நடையில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் திரும்புவோம். பெண்கள் குலவை போட்டார்கள். முளையைப் பிடுங்கியவர் அதைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். சுடலைமாடத்தி சூடத்தை எடுத்தாள்.

“சூடம் வெளியில, ஆத்தா, வெளியில” என்று பக்கீர் முகமது கெஞ்சினார். “பிலிம் அதைவிட வெரசா எரியும்.”

வெளியே தகப்பனார் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். நானும் மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று யோசித்தபடி அருகில் போய் நின்றேன்.

“மொதல்ல சாத்தான்னே” என்றார் திரும்பாமல்.

“ஆமாப்பா.”

“பொறவு மாடசாமின்னே. ரெண்டையும் ஒரே மூஞ்சியோட சொன்னே.”

நான் நுகத்தடிக் கயிற்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“நம்ம வரப்புக் கேசுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு வக்கீல் வச்சிருக்கேனே, அவருக்கே இம்புட்டு வராது. மதுரைக்குக் கெளம்பு. வக்கீலுக்குப் படி.”

“அப்போ என் இங்கிலீசு பிரயோசனப்பட்டுச்சாப்பா?”

“எங்கலே பட்டுச்சு? அதை விட்ட பொறவுதானே பொழைச்சே. வண்டியில ஏறு.”

மார்கழியில் மறுபடியும் பரீட்சை. இங்கிலீஷ் தாளைக் கடைசிக் கேள்வியிலிருந்து தலைகீழாக எழுதிப் பார்ப்பதாக இருக்கிறேன்.