நாளைக்கென்று விட்ட குழாய்

இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். தரையில் ஓட்டையே இருக்கக் கூடாது என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அந்த நர்ஸம்மாதான்.

"அண்ணே, கட்டப் போற புது வீட்டுக்கடியில அறை வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன். தரையைத் துளைச்சுக்கிட்டு எந்தக் குழாயும் மேல வரக் கூடாது. கரண்டு, தண்ணி, போன், கழிவு, எதுவுமே."

"கரண்டும் போனும் சுவர் வழியா வந்துடும். தண்ணியும் வந்துடும். கழிவுக்கு என்னம்மா பண்றது? ஆஸ்பத்திரியில நீங்க ஒரு ஆளுக்கு எத்தனை ட்யூப் சொருகறீங்க! வீட்டுக்கு ஒண்ணாவது வேண்டாமா?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தெருவில், தான் ஓட்டும் பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்த தன் தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

தாய் தகப்பன் போன பிறகு அவர் வளர்த்த தம்பி. இப்போது முப்பது வயது. அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நிலவறை உண்டு. அங்கே குழாய்கள் தரையைப் பிளந்து ஏறும் குழியிலிருந்து யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி இறங்கிப் போவானாம். மூன்றாம் முறை அக்கா வேலை முடிந்து வந்தபோது அந்தக் குழிக்குள் தலைகுப்புறக் கிடந்திருக்கிறான், வாய் நிறைய மண்ணோடு. மருத்துவர்கள் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

"எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான். அடுத்த தடவை நான் வர லேட்டாச்சுன்னா?"

"யார் கூப்பிடறாங்களாம்?"

"கேக்கப் பயம். கேக்கவே இல்லை."

எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது. அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனால் அந்தம்மா மறுபடியும் தம்பி பக்கம் திரும்பிப் பார்த்ததும் பேப்பரை எடுத்தேன். குளியலறையை ஒன்றரைப் படி உயர்த்தி, பக்கவாட்டில் கழிவு போகிற கழிப்பறைக் கோப்பையாகப் போட்டு, குழாயைச் சுவர் வழியாகவே வெளியே தள்ளினேன். "இது வீடா, டப்பாவா?" என்று மேஸ்திரி கிண்டலடித்தார். அடிக்கட்டும். தரையில் ஊசி நுழைய இடமில்லாத திட்டம். எனக்கே கொஞ்சம் தலைக்கனம்தான்.

தளம் போட்ட பத்தாம் நாள், சுவர் எழுப்புமுன் அளவு பார்க்கப் போனேன். ஹால் வரப்போகும் மூலையில் நாலங்குலக் குழாய் ஒன்று மூடியோடு தலைநீட்டிக்கொண்டிருந்தது.

"இதை யார் வெச்சது?"

"நீதானேப்பா தளம் போடறதுக்கு முந்தின நாள் வந்து வெச்சுட்டுப் போனே?" என்றார் மேஸ்திரி.

நான்தான். பிற்பாடு ஏதாவது வயர் இழுக்க வேண்டி வந்தால் தரையை உடைக்க வேண்டாமே என்று, எந்த வீடானாலும் நாளைக்கென்று ஒரு காலிக் குழாய் விடுவேன். பேப்பரில் குறிப்பதுகூட இல்லை, கை பாட்டுக்குச் செய்துவிடும். என்னை நம்பிக் கேட்டவருக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறைக்க மனம் வரவில்லை, போன் செய்தேன். தம்பிதான் அவரை வேனில் கூட்டி வந்தான். அவனை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் தளத்தின் மேல் ஏறி வந்தார்.

"திட்டுங்கம்மா."

"அடைச்சிடுங்க" என்றார்.

எட்டடிக் குழாய். மறுமுனை அஸ்திவாரத்துக்கு வெளியே, மண்ணுக்குள், மூடி போட்டு ஒட்டியது. எதனோடும் சேராதது. ஒன்றரை வாளி சிமெண்டுக் கரைசல் தாராளம். இரண்டு வாளி கலக்கி ஊற்றினேன். இரண்டும் போயின. இன்னும் மூன்று ஊற்றினேன். விழுகிற சத்தமே இல்லை. மூடி கழன்றிருக்கும் என்று வெளியே போய்த் தோண்டிப் பார்த்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. குழாயைத் தட்டினேன், காலியாக ஒலித்தது.

ஏழாவது வாளியைத் தூக்கினேன். பகல் பதினொரு மணி, மறைக்க ஒரு சுவர் இல்லாமல் நாலா பக்கமும் வெயில். ஆனாலும் பயந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"என்னக்கா?"

தம்பி தளத்தின் மேல் நின்றான்.

"நீ எதுக்குடா இங்க வந்தே? வண்டிக்குப் போ."

"நீதானேக்கா கூப்பிட்டே?"

நர்ஸம்மா ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போது குழாய் பேசியது. உரக்க இல்லை, அடுத்த அறையிலிருந்து தூங்குகிறவனை எழுப்புகிற மாதிரி, பாசமாக.

"வாடா கண்ணு. அக்கா இங்கதான் இருக்கேன்."

நர்ஸம்மாவின் குரல். ஆனால் என் கண்ணெதிரே அவருடைய உதடுகள் இறுக மூடியிருந்தன. இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கிப் போனது அவருக்காகத்தான்.

"டேய், நான் இங்க இருக்கேன்டா. என்னைப் பாரு. என் மூஞ்சியைப் பாருடா!" இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பார்த்தான். பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல, மரியாதையாகப் பார்த்தான்.

"கையை விடுங்கம்மா" என்றான். "எங்க அக்கா கூப்பிடறா."