முதல் ஆமேன்

கல்முனையில் வேதமுத்துவின் வீட்டில் நன்றி சொல்லாமல் யாரும் சோற்றில் கை வைத்ததில்லை. பொழுது பட்டதும் கூடத்தில் பாய் விரிப்பார்கள். ஆளுக்கு ஒரு நன்றி. அது அன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும். நேற்றுச் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. சுகத்துக்கு, சாப்பாட்டுக்கு என்று பொதுவாகச் சொல்லி மழுப்பவும் கூடாது. ஒருவர் சொல்லி முடித்ததும் வேதமுத்து முதலில் ஆமேன் சொல்வார். அவர் வாய் திறந்த பிறகுதான் மற்றவர்கள்.

சுனாமி மூத்த மகனைக் கொண்டுபோன மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்து அகதி முகாமில் அவரே தொடங்கிய வழக்கம் அது. "உடம்பு கிடைச்சதுக்கு நன்றி, ஆண்டவரே" என்று அன்று சொன்னார். கேட்டவர்கள் விறைத்துப் போனார்கள். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. சபையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயர் இருந்தது என்றால் இதனால்தான்.

அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மகள் துஷாந்தினி மட்டக்களப்பில் இருந்து வந்து ஒன்பது நாள். புருஷன் அடித்த அடியில் இடது கை மணிக்கட்டிலிருந்து தோள்வரை கன்றிக் கிடந்தது. இது மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் வேதமுத்துவே கூட்டிக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்தார். நீதிமன்றப் பதிவாளராக முப்பது வருஷம் மற்றவர்களின் வீட்டுச் சண்டைகளைக் கோப்பில் கட்டியவர். தன் வீட்டுப் பெயர் அந்தக் கோப்பில் ஏறுவதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. "தாய்க்கு முழங்கால் வருத்தம், பாக்க வந்திருக்கா" என்று சபையில் சொல்லிவைத்தார். அவளைத் திரும்பவும் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட நாளைக் காலை ஆறு மணிக்கு மிஹ்லாரின் வாடகை வேன் வரும். அவள் கட்டிக்கொண்டு போக மருதமுனைக் கைத்தறிச் சேலையும், அதற்குச் சட்டையும் சொல்லியிருந்தார்.

அன்று மாலை ஆசியா உம்மா இரண்டையும் கொண்டுவந்தாள். இருபது வருஷமாக அந்த வீட்டுக்குச் சேலை கொடுக்கும் முஸ்லிம் பெண் அவள்.

"இந்த வெக்கைக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் கை வெச்ச சட்டை நாங்கதான் போடுவம். சேர், நீங்க எப்ப எங்கட பக்கம் சேந்தீங்க?" என்று சிரித்தாள்.

வேதமுத்து சிரிக்கவில்லை. "இரிங்க, செபம் முடிய எடுத்துப் பாப்பம்" என்றார். ஆசியா உம்மா விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பாயில் மூன்று பேர். மனைவி செல்லத்தங்கம் முதலில் சொன்னாள்: "கிணத்தில தண்ணி ஊறினதுக்கு நன்றி." அவர் ஆமேன் சொன்னார்.

அடுத்தது மகள். எட்டு நாளும் அவள் முருங்கை காய்த்ததுக்கு, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதுக்கு என்று சின்னச் சின்ன நன்றிகளாகச் சொல்லியிருந்தாள். இன்று கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே, இண்டைக்கு எனக்கு ஒருத்தரும் அடிக்கல்ல. நாளைக்கு இதச் சொல்ல ஏலாது. அதால இண்டைக்கே சொல்றன். நன்றி."

விறாந்தையில் கதிரை கிரீச்சிட்டது. ஆசியா உம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

வேதமுத்துவின் வாய் திறக்கவில்லை. அந்த நன்றியில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்குரியது, புதியது, மழுப்பல் இல்லாதது. அதற்கு ஆமேன் சொன்னால் அங்கே அடி விழுகிறது என்று ஒத்துக்கொண்டதாகும். பிறகு எந்த முகத்தோடு வேனில் ஏற்றுவது?

"அதென்ன நன்றி?" என்றார். "வேற சொல்லு."

"நீங்க சொல்லித் தந்ததுதானே அப்பா."

"வேற சொல்லு எண்டன்!"

செல்லத்தங்கம் கணவனை எதிர்த்து ஒரு சொல் சொன்னவளல்ல. அன்று நிமிர்ந்து பார்த்தாள்.

"மூத்தவனுக்குச் சொன்னீங்களே, உடம்பு கிடைச்சதுக்கு நன்றியெண்டு. இவளுக்கும் அதத்தான் சொல்லப் போறீங்களா?"

அடுத்த தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு தொடங்கி முடிந்தது.

"ஆமேன்" என்றார் வேதமுத்து. தாயும் மகளும் சொன்னார்கள்.

எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தார். "மிஹ்லார், நாளைக்கு வேன் வேணாம்."

"ஏன் சேர், மகளுக்குச் சுகமில்லையா?"

நல்ல பொய் ஒன்று கையில் வந்து விழுந்தது. 'ஓம்' என்று ஒப்புக்கொண்டால் போதும். விறாந்தையில் ஆசியா உம்மா சேலைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருமகன் அடிக்கிறான். நான் அனுப்பல்ல" என்றார். விடியுமுன் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆசியா உம்மா எழுந்தாள். "சட்டைய நான் கொண்டு போறன் புள்ள. அந்த நீட்டுக் கைய முழங்கையோட வெட்டித் தாறன்" என்று துஷாந்தினியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

வேதமுத்து பாய்க்குத் திரும்பினார். அவருடைய நன்றி பாக்கி.

"இவள் மூண்டு தரமும் உயிரோட வந்து சேந்ததுக்கு நன்றி, ஆண்டவரே."

அவர் சொல்லும் நன்றிக்கு மட்டும் முதல் ஆமேன் செல்லத்தங்கத்துடையது. அவள் உடனே சொல்லவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் முதுகு வளையாமல், தலை மட்டும் குனிந்து காத்திருந்தார்.