ஒன்றில் நின்ற எண்ணிக்கை

எங்கள் விண்வெளிப் பொறியாளர் சங்கத்தின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் வெல்டிங் பரிசோதகர், சங்கத்தின் செயலாளர், அதோடு சங்கத்தை ஆரம்பித்த ஏழு பேரில் மிச்சமிருக்கும் ஒரே ஆளின் மருமகள். தப்ப வழியே இல்லை.

அந்த ஏழு பேருக்கும் ஆசை அதிகம், நிதானம் கொஞ்சம் மட்டு. ஏவுதளத்தில் எண்ணுவதுபோல மாதக் கூட்டங்களையும் இறங்குவரிசையில் எண்ண வேண்டும் என்று விதி போட்டார்கள். முதல் கூட்டம் ஐந்நூறு. பூஜ்ஜியம் வருவதற்குள் சங்கத்தின் ராக்கெட் ஒன்று மேலே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும். விதியை மாற்றவும் கூடாதாம்.

நாற்பத்தோரு வருடமாகப் பரீட்சை நடத்தினோம், இதழ் போட்டோம், பிஸ்கட் தின்றோம். ராக்கெட் மட்டும் விடவில்லை. எண் குறைவது எல்லோருக்கும் தெரியும். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோருமே இருந்துவிட்டோம். கடைசி அத்தியாயம் எழுத உட்கார்ந்தபோது, அந்த வாரம் நடக்கவிருந்த மாதக் கூட்டத்தின் எண் ஒன்று.

அந்த ஏழு பேரில் மிச்சமிருக்கும் என் மாமாவுக்கு, மாதக் கூட்டம் இல்லாவிட்டால் மாதமே இல்லை.

"மாமா, அடுத்த மாசம் கடையை மூடிடணுமா?"

"விதி அப்படித்தானேம்மா இருக்கு."

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று மாலையே விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். ஏவுதள வழக்கம் ஒன்று அதிலும் இருந்தது. ஏதோ சரியில்லை என்று பட்டால் யார் வேண்டுமானாலும் எண்ணிக்கையை நிறுத்தலாம். நிறுத்தியவரே மறுபடி விடும்வரை அது நகராது.

கூட்டம் முடிந்ததும் கரும்பலகையில் எண்ணை மாற்றுவது மாமாவின் வேலை. அவர் நிறுத்துவார் என்று காத்திருந்தேன். அவர் டஸ்டரைக் கையில் எடுத்தார். வால்வு செய்யும் எங்கள் சங்கத் தலைவரைப் பார்த்தேன். அவர் பிஸ்கட்டைப் பார்த்தார்.

"நிறுத்துங்க," என்றேன். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"காரணம்?" என்றார் மாமா.

"நாம இன்னும் தயாராகலை."

அறையே சிரித்துக் கைதட்டியது. மாமா டஸ்டரை வைத்துவிட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் 'நிறுத்தியவர்: செயலாளர்' என்று நிதானமாக எழுதினார்.

படியிறங்கும்போது மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குத்தான் அந்த விதி தெரியுமே. நீங்களே சொல்லியிருக்கலாமே மாமா. எனக்கு உயிரே போயிடுச்சு."

"நான் நிறுத்தியிருந்தா நானேதானே விடணும்? ராக்கெட் ரெடியாகுற அன்னிக்கு நான் இருக்க மாட்டேன்மா. நீ இருப்பே."

எனக்கு ஐம்பத்தாறு நடக்கிறது. மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைவருக்குப் போன் போட்டு, ராக்கெட்டை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன்.