மெஹிட்டபெல்லுக்கு நான்கு வரி

ஜேபஸ் எழுதியதை மூன்றாவது முறையாக அடித்தான். மைக்கூட்டில் மை உறைந்திருந்தது. கணப்பின் அருகே வைத்து உருக்கிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தான். அடுத்த அறையில் அவன் மனைவி மெஹிட்டபெல் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். மார்ச்சளிக் காய்ச்சல், முந்தாநாள் விடிகாலையில் போய்விட்டாள். மதியம் சுமப்பவர்கள் வருவதற்குள் ஊர் வழக்கப்படி இரங்கற்பா எழுதி, பெட்டிமேல் போர்த்தும் கறுப்புத் துணியில் ஊசியால் குத்தியாக வேண்டும்.

ஊரில் யார் செத்தாலும் பாட்டு எழுதுவது பள்ளி வாத்தியாரான அவன்தான். ரோஜா வாடியது, வானம்பாடி பறந்தது, ஆத்துமா கர்த்தரிடம் சேர்ந்தது என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவான். எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகங்களில் படித்தவை.

"அந்த வானம்பாடிய நீங்க எங்க பாத்தீங்க?" என்பாள் மெஹிட்டபெல். "நாலு வயசுல கப்பலேறினவரு நீங்க. நான் இந்த மாசசூசெட்ஸ் மண்ணுலயே பொறந்தவ. நான் செத்தா அந்தக் குருவிய எம்மேல ஏவி விட்றாதீங்க, சாமி!"

"பாட்டுக்குன்னு ஒரு மரியாத இருக்குடி."

"அப்ப இந்தக் காட்டுக்கு மரியாத கெடையாதாக்கும்?" கூடையை எடுத்துக்கொண்டு பழம் பறிக்கச் சதுப்புப் பக்கம் கிளம்பிவிடுவாள்.

அவன் வேறொரு காகிதம் எடுத்தான். இந்த முறை யோசிக்கவில்லை.

*சதுப்பில் இறங்கிப் பழம் பறித்தாள்,*
*சிவந்த கையோடு சிரித்து வந்தாள்.*
*நீர் உறைந்தது, கொடி உறைந்தது.*
*இனி அங்கே யார் போவார்?*

அவள் அண்ணன் ஓபடையா சுத்தியலும் ஆணியுமாக உள்ளே வந்தார். பெட்டி செய்ததும் அவர்தான். காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்ன மாப்ள இது? போயும் போயும் சதுப்பா?"

"ஆமா, மச்சான்."

"பிசாசு குடியிருக்குற எடம்னு போதகர் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறாரு. கர்த்தர் பேரே இதுல இல்லையே! சபைய விட்டே தள்ளி வெச்சிருவாங்கடா."

"வேற எழுதிப் பாத்துட்டேன். எதுலயும் அவ இல்ல."

ஓபடையா காகிதத்தோடு கணப்பை நோக்கித் திரும்பினார். ஜேபஸ் தடுக்கவில்லை. நெருப்பின் வெளிச்சத்தில் அவர் இன்னொரு தடவை படித்தார். உதடுகள் இரண்டாவது வரியிலேயே நின்றன.

"எங்கம்மா செத்த வருஷம், வீட்டுல ஒரு பிடி சோளம் கெடையாது," என்றார், நெருப்பைப் பார்த்தபடியே. "இவளத் தோள்ல தூக்கிட்டு அங்கதான் போனேன். அந்தப் பழம்தான் எங்களுக்குச் சாப்பாடு. புளிப்புல மூஞ்சி கோணிப்போச்சு. கோணின மூஞ்சியோடவே சிரிச்சா."

பிறகு காகிதத்தோடு பெட்டி இருந்த அறைக்குள் போனார். கறுப்புத் துணியில் அவர் ஊசி குத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

இரண்டு நாள் தீ மூட்டி இளக்கிய மண்ணில் குழி வெட்டியிருந்தார்கள். அந்தச் சபையில் குழிமேட்டில் ஜெபம் செய்யும் வழக்கம் இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பாட்டைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். போதகரும் படித்தார். ஜேபஸை ஏறிட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். காகிதத்தை எடுத்துப் பெட்டியோடு இறக்கினார்கள்.

"எங்க வீட்டுக்கு வா மாப்ள. எம்பொண்டாட்டி கஞ்சி வெச்சிருக்கா," என்றார் ஓபடையா.

"நீங்க போங்க. வர்றேன்."

திரும்பும் வழியில் பனியை வெட்டி இரண்டு பேர் போகிற அளவுக்குப் பாதை விட்டிருந்தார்கள். ஜேபஸ் பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு, அதன் ஓரத்தை ஒட்டியே நடந்தான். தோள் பனிச்சுவரில் உரசிக்கொண்டே வந்தது.