மாப்பிள்ளைக்குத் தண்ணி காட்டிய நாள்

பண்ணையில் இருந்த கிடாவுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் வாழ்க்கையில் நன்றாக அடிபட்டவராகத்தான் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு, ஒரு வேலை கிடையாது, கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, சும்மா நிற்கும்போதே ஒரு முறுக்கு. பள்ளிப் பிள்ளைகளும் குடியிருப்புச் சங்கத்தாரும் வந்து மண்ணையும் மாட்டையும் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்கிற பண்ணை அது. பசு பால் தந்தது, கோழி முட்டை தந்தது, மண்புழுகூட உரம் தந்தது. மாப்பிள்ளை தரிசனம் தந்தது.

இந்தப் புண்ணியவானைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆட்டு ஆன்ட்டியுடையது. பிள்ளைகள் வைத்த பெயர்தான். இதற்கு முன் அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தவள். கன்னம் வீங்கிக் கத்திக்கொண்டு வருகிறவர்களை, "கொஞ்சம் உட்காருங்க, இப்பக் கூப்பிடுவாங்க" என்ற ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவாள். டாக்டர் கடையைக் கட்டியதும் இங்கே வந்து சேர்ந்தாள். பெரிய பெரிய ஆசாமிகளை அடக்கிய அந்தக் குரல் மாப்பிள்ளையிடம் மட்டும் எடுபடவில்லை. வா என்றால் போகும், போ என்றால் படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு அவள் மகளின் வகுப்பே பண்ணைக்கு வருவதாக இருந்தது. காலையில் தலை பின்னிவிடும்போதுதான் மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

படிக்காவிட்டால் ஆடு மேய்க்கத்தான் போகணும் என்று பிள்ளைகளைத் திட்டாத வீடு எங்கே இருக்கிறது? அந்த வகுப்பிலும் ஒருத்தி அதை நன்றாகக் கேட்டு வளர்ந்திருந்தாள். அப்படியென்றால் உங்கள் அம்மா படிக்கவே இல்லையா என்று எல்லோர் முன்னாலும் மகளைக் கேட்டுவிட்டாள். எதைச் சொன்னாலும் "எங்க, காட்டு" என்று கையை நீட்டுகிறவள் என்பதால் அவளுக்கு வகுப்பில் எங்ககாட்டு என்றே பெயர். மகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் அம்மா ஒன்றும் ஆடு மேய்க்கவில்லை, ஆடு எங்கள் அம்மா பேச்சைக் கேட்கும், வா என்றால் வரும், நில் என்றால் நிற்கும் என்று அளந்துவிட்டு வந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அது உன் பேச்சைக் கேக்கணும்மா," என்றாள் மகள், கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து.

"கேக்கும்," என்றாள் அவள். தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவளுக்குக் கவலையில்லை. தன்னால் அந்தப் பிஞ்சு முகம் நாலு பேர் முன்னால் சுருங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பஸ் வந்தது. டீச்சர் ஒரு கூட்டத்தைப் பால் கறக்கும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். மற்றவர்களை அவள் பாத்தியில் உட்கார வைத்து அவரை விதையை எப்படி ஊன்றுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டது. காலையிலிருந்து காய்ந்த தீவனமாகத் தின்ற மாப்பிள்ளை, பட்டி வேலிக்குப் பின்னால் நாக்கைத் துழாவிக்கொண்டு நின்றது. அவள் மகளைக் கூப்பிட்டு, பக்கெட் நிறையத் தண்ணீரைக் கொடுத்தாள்.

"நீங்க அஞ்சாறு பேர் போய் மாப்பிள்ளைக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க."

பண்ணையை நடத்துகிற பெரியம்மாவின் வாயிலிருந்து பொறுக்கிய பேச்சு அது. ஆடு மாடுகளைத் தண்ணீர் குடிக்க வைப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நேற்றுவரை மனிதர்களை வாய் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள், அதைச் சொல்லும்போது பிறவி விவசாயியைப்போல நிமிர்ந்துகொண்டாள்.

வேலியருகில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்ணி காட்டுவது என்றால் என்ன என்று எங்ககாட்டு கேட்டிருக்கிறாள். மகளுக்குத் தெரியாது. ஆட்டு ஆன்ட்டியின் மகள் ஆட்டைப் பற்றித் தெரியாது என்று சொல்லலாமா? ஆட்டுக்கு அடிக்கடி தண்ணீரைக் கண்ணில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தீர்ந்துபோய்விட்டதோ என்று அது கவலைப்படும் என்று அடித்துவிட்டாள். உடனே எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக வேலிக்கு வெளியே பக்கெட்டைத் தூக்கி, சாய்த்து, "பாத்தியா, இருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கழுத்தை நீட்ட நீட்டப் பக்கெட் நகர்ந்துகொண்டே போனது. இரக்கமுள்ள ஒரு பிள்ளை இரண்டு தடவை காட்டியது. கடைசியில் வீணாக்கக் கூடாதென்று தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"காட்டிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"எல்லாரும் காட்டினோம் ஆன்ட்டி."

"சமத்து."

அவள் அடுத்த விதையை எடுப்பதற்குள் மடார் என்று ஒரு சத்தம். பட்டிக் கதவு தரையில் கிடந்தது. மாப்பிள்ளை அதன்மேல் ஏறி வெளியே வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மாப்பிள்ளை விதைத்த பாத்தியை உழுதது. டீச்சரின் தொப்பியில் பாதியைத் தின்றது. பிறகு பஸ்ஸுக்குள் ஏறிவிட்டது. சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர், முகத்தில் மூச்சுக்காற்று படவும், கண்ணைத் திறக்காமலே, இன்னும் நேரமாகவில்லை, இறங்கிப் போய் விளையாடு கண்ணு என்று சொல்லித் தாடையைத் தடவிக்கொடுத்தார். கையில் தாடி தட்டுப்பட்டதும் ஜன்னல் வழியாக இறங்கினார். எல்லோரும் துரத்தினார்கள். அது எல்லோருக்கும் டிமிக்கி கொடுத்தது.

எங்ககாட்டு மட்டும் துரத்தவில்லை. மகளின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கம்மா கூப்பிட்டா வரும்னியே. எங்க, காட்டு."

பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். எல்லோர் கண்ணும் ஆட்டு ஆன்ட்டியின்மேல். மகளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளை, வா" என்றாள். மாப்பிள்ளை திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தது. கிளினிக் குரலை எடுத்து, கொஞ்சம் வாங்க என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். மரியாதைக்கும் அது மசியவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டு செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள்.

அப்போதுதான் கவனித்தாள். பிள்ளைகள் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களை மாப்பிள்ளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது. மகளிடம் குனிந்து, தண்ணி குடிச்சுதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"குடிக்கவா?" மகள் திருதிருவென்று விழித்தாள். "நீ காட்டத்தானே சொன்னே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதற்கும் இடம் கொடுக்காமல் குழாயடிக்குப் போனாள். பக்கெட்டை நிரப்பிக்கொண்டு வந்து, தன் பெரிய ஏப்ரனுக்குப் பின்னால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்தாள். மாப்பிள்ளையின் பக்கம் மட்டும் லேசாக ஒதுங்கி, "வா" என்றாள்.

மாப்பிள்ளை வந்தது. வந்தது என்ன, பறந்து வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அது தலையைப் பக்கெட்டுக்குள் விட்டதும், "நில்" என்றாள். அது நின்றது. "நகராதே" என்றாள். நகருமா? வாலை ஆட்டத் தொடங்கிய பிறகு, வாலை ஆட்டு என்றாள். அதையும் கேட்டது.

மகள் மெல்ல அவள் இடுப்போடு ஒட்டி வந்து நின்றாள். ஏப்ரன் ஓரமாக எட்டிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் ஏமாற்றம் வருமோ என்று அம்மா பயந்தாள். ஆனால் அந்தப் பெண் உதட்டை அசைக்காமல் குசுகுசுத்தாள்.

"அம்மா, பக்கெட் அடி தெரியுது. தீரப்போகுது."

பட்டிக் கதவு கீழே கிடக்கிறது. பண்ணை வாசல் திறந்து கிடக்கிறது. மாப்பிள்ளை தலையைத் தூக்கிக் காதை விறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தது.

"சீக்கிரம். ஓடுன்னு சொல்லு."

"ஓடு," என்றாள் அவள், கையை வாசல் பக்கம் நீட்டி.

மாப்பிள்ளை ஓடியது. அப்படி ஒரு கீழ்ப்படிதலை அந்தப் பண்ணை அதுவரை பார்த்ததில்லை. கைதட்டல் அடங்கவே இல்லை. தான் சொன்னால் தன் அண்ணன்கூட இப்படிக் கேட்க மாட்டான் என்று எங்ககாட்டு பெருமூச்சு விட்டாள். திரும்ப எப்போது வரும் என்று டீச்சர் கவலையோடு கேட்டார். அம்மா கூப்பிடும்போது வரும் என்று மகள் கூசாமல் சொன்னாள்.

பஸ் கிளம்பியது. மகள் டீச்சரிடம் சொல்லிவிட்டு அம்மாவோடு தங்கிவிட்டாள். இருவரும் மறுபடி நிரப்பிய பக்கெட்டின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை போன ரோட்டில் நடந்தார்கள். தண்ணீர் தளும்பிக் கால்களை நனைத்தது.

"அது உன் பேச்சைக் கேக்கவே கேக்காதில்லம்மா?"

"கேக்காது கண்ணு."

மகள் பக்கெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நல்லாதான் சொன்னே, ஓடுன்னு," என்றாள் பிறகு. அம்மாவுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. நீதானே நேரம் பார்த்துச் சொன்னாய் என்று மகளின் தலையைத் தடவினாள்.

தச்சுக்கடைத் திருப்பத்தில், மரத்தூள் மேட்டின்மேல் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தது. இருவரும் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அது யோசித்தது, முறுக்கிக்கொண்டது, பிறகு இறங்கி வந்து தலையை உள்ளே விட்டது.

சுற்றிலும் பார்க்க ஒருவரும் இல்லை. இருந்தாலும் மகள் ஓர் அடி முன்னால் வந்து, அம்மாவைப்போலவே தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நில்," என்றாள்.

மாப்பிள்ளை நின்றது.