பொட்டு வைத்த மிஷின்

அரசாங்கப் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் தையல் படித்தேன். பொங்கலூரிலிருந்து தினமும் பஸ். கற்றது முழுக்கக் காலால் மிதிக்கும் மிஷினில்தான். பனியன் கம்பெனிக்கு வேண்டிய மூன்று பவர் மிஷின்கள் ஒரு மூலையில் உறை போட்டு நின்றன. அவற்றுக்குக் கரண்டு இணைப்பு வரவேயில்லை. ஆயுத பூஜையன்று உறையைக் கழற்றி, சந்தனப் பொட்டு வைத்து, பொரி படைத்து, மறுபடி மூடினார்கள். வெட்கங்கெட்டவர்கள். கடைசியில் எனக்கு முதல் வகுப்பு என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

அதை நம்பித்தான் 1991-ல் ஆத்தப்பன் முதலாளியின் பனியன் கம்பெனியில், துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மிஷின் முன் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில் இரண்டு காலையும் வைத்து ஓங்கி மிதித்தேன். மிஷின் சீறிக்கொண்டு ஓடி, நான் காலை எடுப்பதற்குள் பனியனைத் தோள்பட்டை வரை வெட்டித் தள்ளிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி என்னைக் கைமடிக்குப் போகச் சொன்னார். டெய்லர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கும் வேலை அது.

ஒரு வருஷம் நின்றேன். டெய்லர் சாரதாமணியக்கா சோற்று நேரத்தில் தன் மிஷினை விட்டுக்கொடுத்து, வேஸ்ட் துணியில் என்னைப் பழக்கினாள். எனக்குக் கை தேறிவிட்டதென்று அவளே சொல்ல, காலியான ஓவர்லாக் மிஷினை எனக்குத் தர முதலாளியும் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் பார்த்துப் பயிற்சி நிலைய அதிகாரி ஒரு படிவத்தோடு வந்தார். அவர்கள் பயிற்சியால்தான் நான் ஓவர்லாக் டெய்லர் ஆனேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால்தான் அடுத்த முப்பது பெண்களைச் சேர்க்க முடியுமாம். அந்த முப்பதில் ஒருத்தியாக என் தங்கை மருதாளும் மனுப் போட்டிருந்தாள்.

“ஏனுங்க சார், அந்த மூணு மிஷினுக்கும் கரண்டு வந்துருச்சுங்களா?” என்று கேட்டேன்.

ஏற்பாடு நடப்பதாகச் சொன்னார்.

அதிகாரியைப் பகைத்துக்கொள்ள முதலாளிக்கு மனமில்லை. “கையெழுத்தப் போடு கண்ணு. போட்டாத்தான் மிஷினு,” என்றார்.

“எனக்குச் சொல்லிக் குடுத்தது சாரதாமணியக்காங்க. அவுங்க பேர எழுதுங்க, போடறேன்,” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மிஷின் வேறு ஒருத்திக்குப் போனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மருதாள் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. அதில் போட்டிருந்த தேதி போன வாரத்தியது. என் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

கடிதத்தை அடுப்பில் போட்டேன். அவள் அழுதாள். மறுநாள் காலை அவளையும் கைமடிக்குக் கூட்டிப் போனேன். சோற்று நேரத்தில் சாரதாமணியக்கா எங்களைப் பார்த்தாள், மிஷினை விட்டு எழுந்தாள்.