குமுதா நிறுத்தும் இடம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. ரிங்லெட் மலையூரில் ஓர் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது தானாக வந்து மாட்டியது. டிவியில் பாடகி குமுதா தன் புதுப் பாட்டை நேரலையில் பாடிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் பொதுவாகச் சொன்னாள்: "அந்த ரெண்டாவது வரி என்னோடது லா."

அவள் அம்சவல்லி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிறவள்.

2

தொடக்கம் ஒன்று: பனி போர்த்திய பச்சை மலையில் ஒரு குயில்—

(அடித்துவிட்டேன். காலண்டர் படம்.)

தொடக்கம் இரண்டு: கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும், செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. மோட்டார் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் கத்திப் பாடுவார்கள். ஒருத்தி எடுக்கும் வரியை மற்றவள் முடிக்க வேண்டும். அப்போதுதான் நடை ஒத்துப்போகும். குமுதா கோலாலம்பூர் போகும்வரை நான்கு வருஷம் அவளுக்கும் அம்சவல்லிக்கும் ஒரே மெஷின்.

குமுதா எடுத்தது: "மேகம் எறங்கி மேட்ட மூடுது."

அம்சவல்லி முடித்தது: "என் பங்கு வெயில எங்கடி வச்ச?"

இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது இரண்டாவதுதான்.

3

முதல் நேரலையில் குமுதா ஒரு தப்பு செய்தாள். முதல் வரியைப் பாடிவிட்டு, பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கத்துக்காகக் காத்து நின்றாள். பிறகுதான் தானே முடித்தாள். தொகுப்பாளர், "என்ன ஸ்டைல்!" என்று உருகினார். வரிகள் யாருடையவை என்றும் கேட்டார்.

"நானேதான் எழுதினேன்."

இரண்டாவது நேரலையிலும் அதே நிறுத்தம், அதே பதில்.*

* குமுதாவை வில்லியாக்க மூன்று தடவை முயன்றேன். பொய் சொல்லத் தெரிந்தவளுக்கு நிற்காமல் பாடத் தெரியவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் மனசு இளகிவிட்டது.

4

மூன்றாவது நேரலை வரும் ஞாயிறு, அதே தோட்டத்தில். பின்னணிக்குத் தொழிலாளிகள் வேண்டுமாம். கூடையை விட்டு எத்தனையோ வருஷமான பெண்களுக்கு டிவிக்காரர்கள் லோரியில் கூடை கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அம்சவல்லிக்கு முன்வரிசை; மைக்குக்குப் பத்தடி. [அவள் குரல் மைக்கில் விழுமா? மோட்டாரையே அமுக்கிய குரல்.]

முடிவு அ: குமுதா நிற்கிறாள், அம்சவல்லி பாடுகிறாள். குட்டு உடைகிறது.

முடிவு ஆ: அம்சவல்லி வாயைத் திறக்கவில்லை. வரி போனது போனதுதான்.

முடிவு இ: குமுதா திரும்பி அவள் பெயரைச் சொல்லி— (இது என் ஆசை, கதை அல்ல.)

5

மூன்றையும் அம்சவல்லியிடம் படித்துக் காட்டினேன். மெஷினைத் துடைத்துக்கொண்டே காதில் வாங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை பாடுவீங்களாக்கா?" என்றேன்.

"அவ வந்து கேக்கட்டும், சொல்றேன்."

"கதைக்கு முடிவு வேணுமே."

"கேக்காம எடுத்துட்டுப் போக அவ ஒருத்தி போதும் லா. நீங்க எழுதினீங்களே, என்னைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. மூன்று முடிவுகளையும் கோடு போட்டு அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் டிவி பார்ப்பீர்கள். குமுதா முதல் வரியைப் பாடிவிட்டு நிற்பாள். பழகின வரிதானே என்று நீங்கள் சேர்ந்து பாடிவிடாதீர்கள். அது அம்சவல்லியின் இடம்.